ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் பெரிய எஸ்யூவி வண்டிகளின் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த வண்டிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு என்பதால் கட்டுரை வந்ததே மகிழ்ச்சி. ஆனால் அதில் உள்ள மூன்று யோசனைகள் படிப்பவரின் கையைக் கடிக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் முன்பக்க புஷ் (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் குழல்), பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு), ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்கிறது. ஷாக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பானட்டின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணச் சொல்கிறது. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) காட்டும் பாகத்தை மாற்றச் சொல்கிறது. ஸ்கேனர் எந்தப் பாகத்தையும் காட்டுவதே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து அல்ல, எது கெட்டது என்று சோதித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். முதலில் சத்தம். பெரிய வண்டி பட்டறைக்கு வருவது பெரும்பாலும் "முன்னாடி டக் டக்குன்னு கேக்குது" என்ற ஒரே புகாருடன்தான். எந்த வேகத்தில், எந்த மாதிரிப் பள்ளத்தில், பிரேக் போடும்போதா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா என்று கேட்டாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சக்கரம் மட்டும் சின்னக் குழியில் இறங்கி ஏறும்போது மெல்லிய தகரம் தட்டுவதுபோல் கேட்டால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி. இதைச் சோதிக்க வண்டியைத் தூக்கி ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டு லிங்க்கை ஆட்டிப் பார்ப்பவர்கள் அதிகம். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுத்துப் பிடித்திருக்கும். உள்ளே எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில், ஒரே மட்டத்தில் இருக்கும்போது கையை விட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, அதே குழியில் மெதுவாக ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க் அல்லது பாரின் ரப்பர் புஷ். போகவில்லை என்றால் அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுவதில் பயனில்லை. லிங்க் இல்லாத வண்டி வளைவில் அதிகம் சாயும், அதனால் இந்தச் சோதனை நடை வேகத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

பால் ஜாயிண்ட் சோதனையில் கட்டுரை முழுவதுமாகத் தடம் மாறிவிட்டது. வண்டியின் சட்டத்துக்கு (சேசிஸ்) அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டச் சொல்கிறது. முன்பக்கம் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம் மேலும் கீழுமாக இரண்டு உள்ள வண்டியில், ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், சட்டத்தைத் தூக்கியதும் ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்திக்கொண்டே இருக்கும். பால் ஜாயிண்ட் இறுகி நிற்கும். தேய்ந்துபோன ஜாயிண்ட்டும் அப்போது புத்தம் புதிதுபோல் இருக்கும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வைத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரல் கிளம்பும்வரை தூக்க வேண்டும். பிறகு டயருக்கு அடியில் நீளமான கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். இன்னொருவர் ஜாயிண்ட்டின் மேல் விரலை வைத்திருந்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்பிரிங் இல்லாமல் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலையைச் செய்யும் கம்பி) உள்ள வண்டியிலும் அதே விதிதான்: பார் எந்த ஆர்மில் கோத்திருக்கிறதோ அந்த ஆர்மின் ஜாயிண்ட்தான் சுமையைத் தாங்குகிறது, அதன் சுமையை இறக்கிவிட்டுத்தான் ஆட்டம் பார்க்க வேண்டும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது) உள்ள வண்டியில் மட்டும் கட்டுரையில் சொன்னபடி சட்டத்தைத் தூக்கலாம்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, அதாவது கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால், யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ஆர்ம் புஷ். 9, 3 இடத்தில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு அல்லது ஸ்டியரிங் ராக். பேரிங் சத்தத்தை ஓடும்போதும் பிடிக்கலாம். ஒரே சீரான ஹூங்காரமாகக் கேட்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது சுமை இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங். டயர் சத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஆனால் ரோடு மாறினால் டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் மாறாது.

புஷ் விஷயத்தில் பலரும் ஏமாறுவது வெடிப்பைப் பார்த்து. ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அது வயதின் சுருக்கம், அதற்காக மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழலை விட்டுப் பிரிந்திருந்தால், அல்லது எண்ணெய் நிரப்பிய புஷ்ஷிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றியாக வேண்டும். பிரேக் போடும்போது "தட்" என்று ஒரே ஒரு அடி, ரிவர்ஸில் பிரேக் போட்டால் மறுபடி ஒரு அடி என்றால் கீழ் ஆர்மின் பின்பக்க புஷ்ஷைப் பாருங்கள்.

மாற்றும்போது செய்கிற தவறுதான் இதைவிடப் பெரிது. இந்த புஷ்ஷின் ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் உள்குழல் பிராக்கெட்டோடு சேர்ந்து அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கித் திரும்புகிறது, அதுதான் அதன் வேலை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ஓடாமல் நின்றாலும் முறுக்கு விடாது. அந்த புஷ் சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்துவிடும், பழி "டூப்ளிகேட் பார்ட்ஸ்" மேல் விழும். கழற்றுமுன் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை டேப்பில் அளந்து எழுதிவையுங்கள். புதிய புஷ்ஷை மாட்டி, போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, கீழ் ஆர்மை ஜாக்கியால் அதே உயரம் வரும்வரை தூக்கி, பிறகு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். அலைன்மென்ட்டைத் திருத்தும் கேம் போல்ட் இருந்தால் பழைய நிலையை பெயிண்ட் பேனாவால் குறித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராடு எது மாறினாலும் அலைன்மென்ட் பார்ப்பதோடு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரையும் பூஜ்யப்படுத்த வேண்டும். இல்லையென்றால் நேராக ஓடும் வண்டி வளைகிறது என்று நினைத்துக்கொண்டு ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் தானாகப் பிரேக் போடும்.

இனி, மூலையை அழுத்தும் சோதனை. சின்னக் காரில் கூட அது அரைகுறைதான். பெரிய எஸ்யூவியின் ஸ்பிரிங்கை ஒரு ஆள் எடையால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அமுக்க முடியாது, புஷ்களின் உராய்வே அந்த அசைவை நிறுத்திவிடும். ஷாக் செத்துப்போயிருந்தாலும் வண்டி மரியாதையாக ஒரே ஆட்டத்தில் நிற்கும். ஷாக்கின் நிலையை டயரில் படிக்கலாம். கையை டயரின் மேல் ஓட்டினால் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளமும் மேடும் தட்டுப்பட்டால் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது என்று பொருள். பேலன்சிங் சரியாக இருந்தும் இப்படித் தேய்ந்தால் ஷாக்தான். ஷாக்கின் உடலில் புழுதி ஒட்டிய லேசான எண்ணெய்ப் படலம் சாதாரணம். எண்ணெய் வழிந்து கீழ் புஷ்வரை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. மாற்றினால் ஒரே ஆக்சிலின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் ஷாக் என்றால் மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மேல் நட்டை இறுக்கும்போது பளபளப்பான ராடைப் பிளையரால் பிடித்தால் அதில் விழும் கீறல் முதல் மாதத்திலேயே சீலை அறுத்துவிடும்.

டயர் இன்னும் சில செய்திகளைச் சொல்லும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு). இரம்பப் பல்போல் ஒரு திசையில் கூராகத் தேய்ந்தால் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு). இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டுக்கு ஓடுமுன் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரிலேயே கோளாறு. மாறாவிட்டால் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிரேக் டிஸ்க்குகளின் சூட்டை வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் கேலிப்பர் பின் இறுகிப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளைக் கட்டுரை தொடவே இல்லை. பணத்தை அதிகம் விழுங்குவது அதுதான். காலையில் பார்த்தால் வண்டி ஒரு மூலையில் குந்தியிருக்கும், ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும். சில வாரத்தில் கம்ப்ரசர் கருகும். புதுக் கம்ப்ரசர் போடுவார்கள், அதுவும் கருகும். கம்ப்ரசர் இங்கே குற்றவாளியே இல்லை. எங்கோ கசியும் காற்றை ஈடுகட்ட, ஓட வேண்டியதைவிடப் பல மடங்கு நேரம் ஓடிச் சாகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கம்ப்ரசரைத் தொடக்கூடாது.

சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். சில வண்டிகள் நிறுத்திவைத்த பிறகும் இடையிடையே விழித்துக்கொண்டு, எந்த மூலை மிகவும் தாழ்ந்திருக்கிறதோ அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் கீழே இருக்கும், எங்கே கசிகிறது என்று தெரியாது. அதனால் சஸ்பென்ஷனின் ஃபியூஸை எடுத்துவிட்டு 12 மணி நேரம் விடுங்கள். நான்கும் சமமாகச் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் குளிரில் காற்று சுருங்கியதுதான். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ஏர் ஸ்பிரிங் அல்லது அதன் குழாய். ஒரே ஆக்சிலின் இரண்டு மூலையும் சேர்ந்து இறங்கினால் காற்றை மூலைகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். அடுத்து ஃபியூஸை மாட்டி, வண்டியை அதிக உயரத்துக்கு ஏற்றி, சோப்பு நீரைத் தெளிக்க வேண்டும். சாதாரண உயரத்தில் ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிப்பு உள்ளே ஒளிந்திருக்கும், வெடிப்பு இருப்பது அந்த மடிப்பில்தான். உயரம் ஏறியதும் மடிப்பு வெளியே வரும், குமிழி பொங்கும். கீழே ஆட்கள் வேலை செய்யும்போது வண்டி திடீரென இறங்கலாம் என்பதால் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

கசிவை அடைத்த பிறகு ரிலேயைப் பாருங்கள். நெடுநேரம் ஓடிய கம்ப்ரசரின் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஒட்டிய ரிலே புதுக் கம்ப்ரசரை நிற்கவே விடாது. டிரையரின் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளையும் கூடவே மாற்றுங்கள், ஈரமான காற்று வால்வு பிளாக்கைத் துருப்பிடிக்கவைக்கும். புது ஏர் ஸ்பிரிங்கைக் காற்று இல்லாமல் வண்டியின் எடையில் இறக்கிவிடக்கூடாது. ரப்பர் தாறுமாறாக மடிந்து, முதல் ஏற்றத்திலேயே கிழியும். ஸ்டாண்டில் இருக்கும்போதே கொஞ்சம் காற்றேற்றி, மடிப்பு சீராக உருண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபின் இறக்குங்கள்.

அடியிலிருந்து வரும் எல்லா அடியும் சஸ்பென்ஷன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது விழும் அடி பெரும்பாலும் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூ-ஜாயிண்ட் அல்லது எஞ்சின் மவுண்ட். ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் இரு முனைகளையும் குறித்துவையுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும். பல நேரம் ஷாஃப்ட் நீண்டு குறுகும் இடமான ஸ்லிப் யோக்கில் கிரீஸ் அடித்தாலே அடி நின்றுவிடும்.

எஞ்சினுக்கு வருவோம். ஸ்கேனரை மாட்டுமுன் பேட்டரியை அளக்க வேண்டும். நிற்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது, ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை. இதில் குறை இருந்தால் கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றையொன்று காணவில்லை என்று பத்துப் பன்னிரண்டு பழுதுக் குறியீடுகளைக் கொட்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் மறக்காதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் பட்டை அரித்துவிட்டது. இந்த ஒரு பட்டையால் பல நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

ஸ்கேனர் தருவது ஒரு அளவு எல்லை தாண்டியதற்கான புகார் மட்டுமே. பி0171 என்றால் "ஒரு பக்க சிலிண்டர்களில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்று பொருள், ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. வி6, வி8 எஞ்சினில் பி0171-உம் பி0174-உம் சேர்ந்து வந்தால் இரு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று: ஏர் ஃப்ளோ சென்சார், இன்டேக் கசிவு, எரிபொருள் அழுத்தம். இதைப் பிரித்தறிய ஃபியூவல் டிரிம் அளவை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐடிலில் டிரிம் பிளஸ் 20-க்கு மேல் ஏறி, 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் காற்று குறைவு, அதில் கசிவின் பங்கு பெரிது. வேகம் கூடினால் அதே கசிவு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து பாரம் ஏறும்போது டிரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார். பழுதுக் குறியீட்டை அழிக்குமுன் அதனுடன் சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமை எழுதிக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு பாரத்தில் குறியீடு விழுந்தது என்பது அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும்.

மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாத பிரச்சினை சுலபம். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் காயிலை ஐந்தாவதற்கு மாற்றி மாட்டிக் குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். பி0305 வந்தால் காயில் கெட்டது. மூன்றிலேயே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன். கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் அந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது பெட்ரோல் எஞ்சினில் பழைய வழக்கம்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைவு) வந்தது என்று கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றாதீர்கள். எரியாத பெட்ரோல் உள்ளே போய்ப் புதியதையும் உருக்கிவிடும்.

டீசல் வண்டியில் கறும்புகையும் பிக்கப் குறைவும் வந்தால் இன்ஜெக்டர் என்று முடிவு கட்டுகிறது கட்டுரை. கறும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. டீசல் அதிகமா, காற்று குறைவா என்று பார்க்காமல் நான்கு இன்ஜெக்டரைக் கழற்றுவது முறையா? காற்று ஃபில்டர், அடுத்து டர்போவிலிருந்து (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். இந்த ஹோஸ் பெரும்பாலும் அடிப்பக்கம், கிளாம்ப்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் வெடிக்கும். ஐடிலில் வெடிப்பு மூடியே இருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்து டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் வாயைத் திறக்கும். கையை அடியில் விட்டுத் தடவுங்கள், ஈரமான எண்ணெய்ப் பசை தட்டுப்படும் இடத்தில் வெடிப்பு இருக்கும். ஸ்கேனரில் எஞ்சின் கேட்ட டர்போ அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் ஓடவிட்டால் குறை வெளிச்சமாகும். சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், இன்டேக் அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டாவிட்டால் சென்சாரே பொய் சொல்கிறது. அதன்பின் திறந்தபடியே சிக்கிய இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது), கரி பிடித்து இறுகிய டர்போ வேன்கள். இவ்வளவும் கடந்தபின்தான் இன்ஜெக்டர்.

இன்ஜெக்டருக்கும் கழற்றாமலே சோதனை இருக்கிறது. ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் எடுத்துவிட்டு, ஒரே அளவு டியூபில் ஒரே மாதிரி அளவுக் குப்பிகளை இணைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். மூன்று குப்பி ஒரே மட்டத்தில், ஒன்று மட்டும் இரண்டு மூன்று மடங்கு நிறைந்திருந்தால் அது உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்: காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) உள்ள எஞ்சின் பிடிக்க ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தமாவது வர வேண்டும், கசியும் இன்ஜெக்டர் அதை ஏறவிடாது. எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்கும் பழைய டீசல் பழக்கத்தை இங்கே அடியோடு மறந்துவிட வேண்டும். ஆயிரம் பாருக்கு மேல் போகும் டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்துபோலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம்.

இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போலக் கறுப்பாக உறைந்து, "சுஸ் சுஸ்" என்று கேட்டால் அடியிலுள்ள காப்பர் வாஷர் விட்டுவிட்டது. வாஷரை மட்டும் மாற்றினால் போதாது. உட்காரும் இடத்தைக் கட்டரால் சுத்தம் செய்து, தூளை உறிஞ்சி எடுத்து, புது வாஷர், புது போல்ட் போட்டுக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். புது இன்ஜெக்டர் என்றால் அதன் தலையில் பொறித்திருக்கும் எழுத்தெண்ணை எஞ்சின் கம்ப்யூட்டரில் பதியாமல் விட்டால் டக டக சத்தமும் புகையும் புதிதாகத் தொடங்கும்.

டர்போ போனால் அது ஏன் போனது என்பதற்கு விடை கிடைக்காமல் அடுத்ததை மாட்டாதீர்கள். பெரும்பாலான நேரம் ஆயில் வரும் மெல்லிய குழாய் கரியால் அடைத்திருக்கும். குழாயையும் அதன் ஓட்டை போல்ட்டையும் மாற்றி, டர்போவுக்குள் ஆயில் ஊற்றி, எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு ஆயில் அழுத்தம் வந்தபின்தான் ஓடவிட வேண்டும். டி.பி.எஃப். (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்புக்கும் இதே பேச்சு. வலுக்கட்டாயமாக ரீஜெனரேஷன் செய்தால் சுமார் 600 டிகிரியில் கரி எரிந்து விளக்கு அணையும். ஆனால் அடைத்ததற்குக் காரணம் கசியும் டர்போ ஹோஸா, விரிசல் விட்ட பிரஷர் சென்சார் டியூபா, எப்போதும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டும் பழக்கமா என்று பார்க்காவிட்டால் விளக்கு திரும்ப எரியும். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களால் டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள். ஆயில் குறையாதது நல்லதுதானே என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு.

சூடேறும் புகாரில் எப்போது ஏறுகிறது என்பதுதான் முக்கியம். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன். சூடான எஞ்சினை நிறுத்தியதும், விஸ்கஸ் ஃபேனைக் கையால் சுண்டினால் இறுக்கமாக இருக்க வேண்டும்; காற்றாடிபோல் நாலு சுற்றுச் சுற்றினால் அதன் கிளட்ச் போய்விட்டது. வேகமாக ஓடும்போதும் மேடேறும்போதும் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். இரவெல்லாம் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் நீர் இன்னும் சூடாகவில்லை, அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வருகிறது. ஹெட் கேஸ்கெட். கழற்றினால் ஹெட்டை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துக் குறுக்காக அளக்காமல் புது கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடுவது வீண்வேலை. இழுபட்டு நீளும் வகை ஹெட் போல்ட்டை இரண்டாம் முறை போடவே கூடாது. கடைசியில் கூலண்ட் ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். பின்பக்கத்துக்கும் தனி ஹீட்டர் உள்ள பெரிய வண்டியில் ஏர் லாக் அங்கேதான் பிடிக்கும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி சங்கிலி உருளும் சத்தம் கேட்டால் டைமிங் செயின் என்று பயமுறுத்துவார்கள். முதலில் ஆயில் மட்டம், அடுத்து ஆயில் ஃபில்டர். எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இல்லாத மலிவு ஃபில்டரும் இதே சத்தத்தைத் தரும். அது சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்து, பி0016-உம் (கிராங்க், கேம் ஷாஃப்ட்டுகளின் நிலை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை) வந்தால் செயினும் டென்ஷனரும்தான், அதைத் தள்ளிப்போடக்கூடாது.

எல்லா ஆயில் சீலும் ஒவ்வொன்றாகக் கசியும் வண்டிக்குச் சீல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளே உறிஞ்ச வேண்டும். பலூன்போல் உப்பினால் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை எந்தச் சீலும் நிற்காது.

கடைசியாக, கட்டுரையுடன் வந்த படம். அதில் ஒருவர் ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். இதற்கு மட்டுமாவது நாளை திருத்தம் போடுங்கள். இந்த எடை வண்டிக்குத் தலா 3 டன் தாங்கும் ஸ்டாண்டுகள் இரண்டு, சட்டத்தின் தட்டையான பகுதியில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஃபோர் வீல் வண்டியில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் 'பி'யில் இருந்தாலும் வண்டி உருளும். காற்று சஸ்பென்ஷன் என்றால் தூக்குமுன் ஜாக் மோடில் (உயரத்தைத் தானாக மாற்றாத நிலை) போட வேண்டும். படத்தில் சக்கரத்துக்குக் கட்டையும் இல்லை, சட்டத்துக்கு ஸ்டாண்டும் இல்லை.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்கும் தொழிலில் இருக்கும் தங்கள் வாசகர்